படிவத்தில் பதினேழாவது கேள்வி

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன். ஸ்கேன் டெக்னீசியன் மாலை வகுப்பில் சேர்ந்த அன்று, வேலையில் செய்த பிழையை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். கூடப் படிப்பவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. நான்கு மாதம் ஆகிறது, இது இரண்டாவது நோட்டு.

பகலில் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள ஸ்கேன் சென்டரில் படிவம் நிரப்புவது என் வேலை. நோயாளியை உட்காரவைத்துப் பதினாறு கேள்விகள் கேட்டு எழுத வேண்டும். நாற்பத்தொரு நாளாக நான் நிரப்பிய ஒரு படிவம்கூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வரவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் இன்றைய தவறு உறுத்துகிறது.

வந்தவர் பெயர் மாரித்தாய். வயது நாற்பத்தேழு. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய்களைத் தரம் பிரிப்பவர். இரண்டு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே போகிறது, உடம்பு மெலிந்துகொண்டே போகிறது. சாயங்காலமானால் காய்ச்சல். எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். ஒன்பதாவது கேள்வியில்தான் பிசகு.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. அதுக்கப்பறம் பச்சத் தண்ணி கெடயாது தாயி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலைல கோயில் புத்துமண்ணு மட்டும் ஒரு கரண்டி வாயில போட்டேன். அது சாப்பாட்டுல சேருமா?" என்றார்.

"அதெல்லாம் சேராதும்மா."

'வெறும் வயிறு' என்று எழுதினேன்.

புற்றுமண் எங்கள் கோயிலில் பிரசாதம். நெற்றியில் பூசுவோம். உடம்புக்கு முடியாதவர்கள் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஒவ்வொன்றுக்கும் அம்மா என் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துத்தான் அனுப்பினாள். அதை யாரும் உணவு என்று நினைப்பதில்லை, மருந்து என்றும் சொல்வதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. ஆனால் நோயாளி சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. சேருமா சேராதா என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. இதுதான் தவறு.

ஸ்கேனும் சரியாக அமையவில்லை. குடல் விரிந்து தெரிவதற்காகக் குடிக்கக் கொடுத்த தண்ணீரை மாரித்தாய் அப்படியே வாந்தி எடுத்துவிட்டார். மறுபடி கொடுக்கப் பார்த்தோம், தங்கவில்லை. டெக்னீசியன் மம்மது அண்ணன், "போதும், பாவம், அப்படியே எடுத்துருவோம்" என்று எடுத்துவிட்டார்.


செப்டம்பர் 10, புதன்

மாரித்தாயின் அறிக்கை வந்தது. படங்களைப் படிப்பவர் டாக்டர் ஆனந்தவல்லி. அவர் திருநெல்வேலியில் இருந்தபடி கம்ப்யூட்டரில் பார்த்து எழுதி அனுப்புவார். நான் அச்செடுத்து உறையில் போடுவேன்.

படிக்கக் கூடாது என்று விதி இல்லை. படித்தேன். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. உள்சவ்வு தடித்திருக்கிறது. குடலின் மேல் ஆங்காங்கே சுண்ணாம்பு படிந்தது போன்ற வெள்ளைப் புள்ளிகள். சூலகத்தில் தொடங்கி வயிறு முழுவதும் பரவிய கேன்சராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கையை வாங்க மாரித்தாயின் கணவர் வந்தார். வெள்ளத்துரை என்று கையெழுத்துப் போட்டார்.

"இதுல என்ன போட்டிருக்கு மக்கா?"

"அத டாக்டர்தான் சொல்லணும் அண்ணாச்சி."

"நல்லதா கெட்டதா? வாயத் தொறக்க வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு."

நான் தலையை ஆட்டவில்லை. உறைக்கு ஸ்டேப்ளர் அடிக்கும்போது இரண்டு முறை தவறிவிட்டது. அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை வகுப்பில் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிபவை பற்றிய பாடம். தண்ணீருக்கு எண் பூஜ்யம், எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டி வரும், எண் ஏற ஏற வெளுப்பு. நோட்டில் பட்டியல் எழுதினேன்: எலும்பு, சிறுநீரகக் கல், உலோகக் கிளிப், விழுங்கிய நாணயம், சில மாத்திரைகள். கடைசியாக, "வயிற்றுக்குள் போகும் எந்தத் தாதுப்பொருளும்" என்று சொன்னார்கள். அதையும் எழுதினேன். எழுதியபிறகு பேனா நின்றுவிட்டது.

மண்?

வீடு திரும்பும்போது கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்து நேற்றைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'ஒரு கரண்டி' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. டாக்டர் பதினெட்டு வருடமாகப் படம் பார்ப்பவர். நான் நான்கு மாத மாலை வகுப்பு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஆனால் அவருக்கு நான் 'வெறும் வயிறு' என்றுதான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.


செப்டம்பர் 11, வியாழன்

தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் மிஷினைச் சோதிப்பது வழக்கம். தண்ணீர் நிரப்பிய ஒரு வட்ட டப்பாவைப் படுக்கையில் வைத்துப் படம் எடுப்பார்கள். பூஜ்யம் காட்டினால் மிஷின் சரியாக இருக்கிறது. இன்று அதற்கு முன்பே போய்விட்டேன். கையில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டில். அதில் தண்ணீர், அடியில் எங்கள் வீட்டுப் புற்றுமண் ஒரு கரண்டி.

"என்னட்டி இது, சாம்பார்ப் பொடியா?" என்றார் மம்மது அண்ணன்.

"புத்துமண்ணு அண்ணே. டப்பா பக்கத்துல வச்சு ஒரே ஒரு படம் எடுத்துத் தாங்க."

"ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவங்களப் பாத்திருக்கேன். மிஷினுக்குள்ள மண்ணக் கரைச்சு வைக்கிறவள இப்பத்தான் பாக்குதேன்."

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. பாட்டிலை டப்பாவுக்கு அருகில் வைத்தார். கதவை மூடினோம். திரையில் டப்பா சாம்பல் நிற வட்டமாக வந்தது, எண் பூஜ்யம். அதன் பக்கத்தில் பாட்டிலின் அடிப்பாகம் சுள்ளென்று வெளுத்துத் தெரிந்தது. அம்புக்குறியை அதன்மேல் வைத்தார். அறுநூற்றுச் சொச்சம்.

"ஏட்டி, எலும்புத் துண்டு மாதிரில்லா மின்னுது."

அடுத்து மாரித்தாயின் படத்தைத் திறந்தார். சுருங்கிக் கிடந்த குடலின் மேல் வெள்ளைப் புள்ளிகள். மேலா, உள்ளேயா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் தெரியவில்லை என்றார். அன்று தண்ணீர் வயிற்றில் தங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"செவ்வாக்கெழமையே என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சாப்பாடு இல்லன்னு நினைச்சிட்டேன் அண்ணே."

"நாப்பத்தஞ்சு வருசமா இந்த ஊர்லதான் கெடக்கேன். எனக்கும் கேக்கத் தோணலையே." போனை என் பக்கம் தள்ளினார். "டாக்டருக்குப் போடு. ஒனக்காக நான் பேச மாட்டேன். தப்பும் ஒன்னோடது, கண்டுபிடிச்சதும் நீ. ரெண்டையும் நீயே சொல்லு."

பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டில் ஆறு வரியாக எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். மூன்றாவது வரியிலேயே டாக்டர் நிறுத்தினார்.

"எவ்வளவு மண்?"

"ஒரு கரண்டின்னு சொன்னாங்க டாக்டர்."

"எத்தனை நாளா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

நான் கேட்கவில்லை.

"கேட்டுட்டுப் பேசு" என்று வைத்துவிட்டார்.

முறையாக வேலை செய்கிறவள் என்று நான் நினைத்துக்கொள்வதெல்லாம் இவ்வளவுதான். பாட்டிலில் மண் கரைக்கத் தோன்றியது, இதைக் கேட்கத் தோன்றவில்லை.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். வெள்ளத்துரை அண்ணாச்சி எடுத்தார். அறிக்கையைப் பார்த்த புளியங்குடி டாக்டர், மதுரைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறார். இவர் போவதாக இல்லை.

"பரவிட்டுதுன்னா அங்கன கொண்டு போயி அவள ஏன் போட்டு அறுக்கணும்? வீட்ல நிம்மதியாக் கெடக்கட்டும். அவ கிட்ட இன்னும் சொல்லல. நீயும் சொல்லிராத."

"அண்ணாச்சி, அம்மா புத்துமண்ணு எத்தன நாளாச் சாப்பிடுதாங்க?"

"அது எதுக்கு ஒனக்கு? இருவது நாளா. மூணு நேரமும். இப்ப அதையும் கொற சொல்லப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி. தப்பு என் மேல. அம்மா அன்னைக்கே என்ட்ட சொன்னாங்க, நான் எழுதாம விட்டுட்டேன். அந்த மண்ணு படத்துல வெள்ளையா விழுந்து, டாக்டர் வேற எதுவோன்னு நினைச்சிருக்கலாம். அம்மாவ இன்னொரு தடவ கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாளைக்கு மண்ணு மட்டும் வேண்டாம்."

போனில் அவருக்குப் பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

"ரெண்டு மாசமா நாலு எடத்துல காட்டியாச்சு," என்றார். "ஏன் லேட்டா வந்த, ஏன் அதத் தின்ன, ஏன் இதத் தின்னன்னு எல்லாப் பயலும் எங்களத்தான் ஏசுனான். என் தப்புன்னு சொன்ன மொத ஆளு நீதான் மக்கா. சனிக்கெழமை வாரேன்."

டாக்டருக்கு மறுபடி அழைத்தேன். இருபது நாள், மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு கரண்டி. அவர் அதற்குள் படத்தைத் திரும்பவும் திறந்திருந்தார்.

"அந்தப் புள்ளிகளை மறைச்சுட்டுப் பார்த்தேன். அப்போ இது வேற படமாத் தெரியுது. சனிக்கிழமை நானே வர்றேன்."

எந்தப் படம் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

தவறு: ஒரு நோயாளியின் வயதை 63 என்பதற்கு 36 என்று எழுதினேன். அச்செடுக்கும் முன்பே திருத்திவிட்டேன்.

இன்னொன்று தவறா என்று தெரியவில்லை. புள்ளிகள் மண்ணாக இல்லாமல் போனால் என்ன செய்வது? மனதைத் தேற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு நான் வீணாக ஓர் ஆசையைக் கிளப்பிவிட்டதாக ஆகும்.


செப்டம்பர் 13, சனி

பத்து மணிக்கு வந்தார்கள். இந்த முறை தண்ணீரை மம்மது அண்ணன் ஒரு மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். "மடமடன்னு குடிக்காதீங்க யக்கா, இது சர்பத்து இல்ல, யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாந்தி வரவில்லை. வயிற்றுக்கு மட்டும், குறைந்த கதிரில், ஒரு சின்ன ஸ்கேன்.

டாக்டர் ஆனந்தவல்லி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைப் படம் இடது பக்கம், இன்றைய படம் வலது பக்கம். நான் கதவோரம் நின்றேன். "அங்க நின்னா என்ன தெரியும்? கிட்ட வா" என்றார்.

இடது பக்கத்தில் நான் பதினான்கு புள்ளிகள் எண்ணியிருந்தேன். வலது பக்கத்தில் அந்த இடங்களில் ஒன்றுமே இல்லை. பெருங்குடலின் கடைசியில் மட்டும் இரண்டு, வெளியே போகும் வழியில்.

"கேன்சர் படிவு இருந்த இடத்தை விட்டு நாலு நாள்ல நடந்து போகாது," என்றார் டாக்டர். "நீ சொன்னது சரி. மண்ணுதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மம்மது அண்ணன் முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

டாக்டர் விரலால் படத்தில் கோடு போல் காட்டினார். "இந்த உள்சவ்வைப் பாரு. தடிச்சிருக்கு, ஆனா ஒரே சீரா, வழவழன்னு. கேன்சர் பரவினா பெரும்பாலும் முண்டும் முடிச்சுமா இருக்கும். இங்க நெறிக்கட்டிகள் இருக்கு, நடுவுல மட்டும் கருத்துத் தெரியுது. சூலகம் ரெண்டும் சாதாரணமாத்தான் இருக்கு. அன்னைக்கு இந்தப் புள்ளிகள் என் கண்ணை அந்தப் பக்கம் இழுத்துட்டுது. வயித்துல வர்ற காசநோய் இப்படித்தான் இருக்கும். 'சாயங்காலக் காய்ச்சல்'னு நீ எழுதியிருந்ததை நான் இன்னும் நிதானமாப் படிச்சிருக்கணும்."

"அப்போ டிபியா டாக்டர்?"

"பெரும்பாலும்னு சொல்றேன். எந்தப் பக்கம் சாயுதுன்னு படம் காட்டும். தீர்ப்பு சொல்லாது. நீரை எடுத்துச் சோதிக்கணும், சவ்வுல ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும். அதுக்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம்."

ஆனால் வெளியே வந்ததும் மாரித்தாயிடம் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. வெள்ளத்துரை அண்ணாச்சி கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் மாரித்தாயே ஆரம்பித்துவிட்டார்.

"இவுக என்ட்ட மறைக்காகளாம். புதன்கெழமையிலருந்து எனக்கு ஆரஞ்சுப் பழம் உரிச்சுத் தாராக. கல்யாணமாயி இருவத்தாறு வருசத்துல ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்ததில்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எனக்குக் கேன்சர்னு."

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, சவ்வு வழவழப்பாக இருந்தால் என்ன, முண்டாக இருந்தால் என்ன என்று மாரித்தாய்க்கே விளக்கிச் சொன்னார். மாரித்தாய் கவனமாகக் கேட்டார்.

"மார்க்கெட்டுல நானும் இதத்தான் செய்யுதேன். வழவழன்னு ஒரே சீரா இருந்தா ஒரு கூடை. முண்டும் முடிச்சுமா இருந்தா வேற கூடை. கண்ணக் கட்டிட்டுக் குடுத்தாலும் பிரிச்சிருவேன். இப்ப நான் எந்தக் கூடை டாக்டரம்மா?"

"நல்ல கூடைப் பக்கம் கை போகுது. இன்னும் போடல."

"சரி. போட்டதும் சொல்லுங்க." எழுந்தவர் என்னிடம் திரும்பினார். "அந்த மண்ணாலதான் இவ்வளவு வம்பா தாயி?"

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார். "மண்ணு எங்கயும் தப்புப் பண்ணலம்மா. நீங்க ஒழுங்காச் சொன்னீங்க. எங்க பேப்பர்லதான் அத எழுத எடமில்ல. ஆனா குணமாகுற வரைக்கும் நெத்தியில மட்டும் பூசிக்கோங்க. வாய்க்கு வேண்டாம்."

திங்கட்கிழமை திருநெல்வேலிக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வெள்ளத்துரை அண்ணாச்சி அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். கூட்டிப் போவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. படியில் இறங்கும்போது, "திருநேலி பஸ்ஸு மொத வண்டி எத்தன மணிக்கு?" என்று மம்மது அண்ணனிடம் கேட்டார். சந்தேகம் போய்விட்டது.


செப்டம்பர் 24, புதன்

இன்னும் முடிவு வரவில்லை. நீரைச் சோதித்ததில் காசநோய்ப் பக்கம்தான் காட்டுகிறதாம். துணுக்கின் முடிவு பாக்கி. மம்மது அண்ணன் தினமும் காலையில் தண்ணீர் டப்பாவை வைக்கும்போது, "இன்னைக்கு என்னட்டி கொண்டு வந்திருக்க, மொளகாய்ப் பொடியா?" என்று கேட்கிறார். வகுப்பில் மாதத் தேர்வு. எண்பத்தொன்று. ஏழு மதிப்பெண் கவனக்குறைவால் போனது. எங்கெங்கே என்று பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன்.


அக்டோபர் 3, வெள்ளி

பதினொரு மணிக்கு மாரித்தாய் நடந்து உள்ளே வந்தார். அவருக்கு இன்று எங்களிடம் ஸ்கேன் எதுவும் இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

"போட்டுட்டாங்க தாயி. நல்ல கூடையில."

துணுக்கில் கேன்சர் இல்லை. காசநோய். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள், ஆறு மாதம், ஒரு நாள்கூட விடக் கூடாது. திங்கட்கிழமை ஆரம்பித்திருக்கிறார். நேற்று முதல் தடவையாகச் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லையாம்.

"அண்ணாச்சி வரலையாம்மா?"

"வெளியில நிக்காக. கண்ணு கலங்கிருக்குன்னு உள்ள வர வெக்கப்படுதாக. ஆரஞ்சுப்பழம் உரிக்கிறத மட்டும் நிப்பாட்டிட்டாக, பாத்துக்கோ. கேன்சர் இல்லன்னு இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லிருக்கணும் நான்."

மம்மது அண்ணன் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த நோயாளி என்ன என்று கேட்டுவிட்டார்.

பையில் இருபது எலுமிச்சம்பழங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றில்கூட முண்டு இல்லை. "இது நானே பொறுக்குனது. இந்த வாரம்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். உக்காந்து ஒரு மணி நேரம் பிரிச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. என் படிவங்கள் திரும்பி வராத நாட்களில் என் முகமும் அப்படி இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் டாக்டர் ஆனந்தவல்லியிடமிருந்து செய்தி. அவர் படம் பார்க்கும் ஐந்து சென்டர்களிலும் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கப் போகிறார்களாம். அதை எப்படிக் கேட்டால் நோயாளிகள் தயங்காமல் சொல்வார்கள் என்று நான் எழுதித் தர வேண்டும். 'படிவம் நிரப்புகிறவருக்குத்தான் அது தெரியும்' என்று இருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் 'புற்றுமண்' என்று மட்டும் இருந்தது. மற்ற ஊர்களில் மற்றவற்றை விழுங்குவார்கள். இரண்டாவது அதட்டுவது போல் இருந்தது. மூன்றாவது மிக நீளம். மம்மது அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க வீட்டுல தண்ணியில ஓதிக் குடிப்போம். அதுவும் இதுல வருமா?" என்று கேட்டார். வரும்படி மாற்றினேன். கடைசியில் அனுப்பியது இது:

17. பிரசாதமாகவோ நேர்த்திக்கடனாகவோ கைமருந்தாகவோ எதையாவது விழுங்கினீர்களா, குடித்தீர்களா? என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக? (சொன்னால் யாரும் ஏச மாட்டார்கள்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு அச்சாகி வந்தது. எடுக்கவில்லை.

வகுப்புக்குப் போகும் முன் ஒரு படிவத்தை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன். செப்டம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தில். அந்தத் தவறை அடிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு இன்று பெருமையாக இருக்கிறது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்ததை எழுதுவதுதான் இந்த நோட்டின் விதி. எனக்கு இன்று பெருமையாக இருக்கிறது.

இன்றைய தவறு: எலுமிச்சம்பழங்களை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

நாளை: ஏழரைக்கு வந்து, மேசையில் மீதி இருக்கும் பழைய படிவங்கள் முப்பத்திரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டும். எட்டேகாலுக்கு முதல் நோயாளி, வாசுதேவநல்லூரிலிருந்து வருகிறார். பதினேழு கேள்விகளையும் கேட்க வேண்டும்.